நாலு பென்னி இல்லாத ராத்திரி

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இந்தக் குளிரிலும் எழுந்து போகாமல் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஏற்காட்டுச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

லண்டனில் ஒயிட்சேப்பல் என்ற ஏழைகள் வட்டாரத்தில், 1888 ஆகஸ்ட் 31 தொடங்கி நவம்பர் 9-க்குள் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது; ‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பெயர்தான் நின்றுவிட்டது. அந்த வழக்கை வைத்துப் பிறந்த கதைகள் இறந்தவர்களை நினைக்க வைத்தனவா, மறக்க வைத்தனவா? இதுதான் நமக்குக் கொடுத்த தலைப்பு. மறக்க வைத்தன என்று நான் பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் வெளியே கையைக் காட்டினார். “பாருங்கள், மூடுபனி. இந்தப் பனிக்குள் உயரத் தொப்பி போட்ட ஒருவன், கையில் கறுப்புப் பை. சொன்னதுமே உடம்பு சிலிர்க்கிறதல்லவா? கதை இல்லாவிட்டால் இந்த வழக்கு எப்போதோ மண்ணோடு போயிருக்கும்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கறுப்புப் பையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பை உண்மையிலேயே இருந்தது ஐயா. மூன்றாவது பெண் எலிசபெத் ஸ்ட்ரைட் கொல்லப்பட்ட ராத்திரி, பளபளக்கும் கறுப்புப் பையோடு ஒருவர் தெருவைக் கடந்து போனதை, வாசலில் நின்ற ஒரு அம்மா பார்த்தார். பத்திரிகையில் செய்தி வந்தது. அந்த மனிதர் தானாகவே போலீஸ் நிலையத்துக்குப் போய், “அது நான்தான்” என்றார். பைக்குள் இருந்தவை காலி சிகரெட் பெட்டிகள். அவரைப் போலீஸ் அத்தோடு விட்டுவிட்டது. கதை விடவில்லை. அந்தப் பையை டாக்டர் பையாக்கி, கொலைகாரன் கையில் கொடுத்து, சினிமாவிலும் படக்கதையிலும் இன்னும் சுமக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

தொப்பியும் அப்படித்தான். நான்காவது கொலைக்குச் சில நிமிடம் முன்னால் ஒரு ஆளைப் பார்த்த சாட்சி சொன்னது துணித்தொப்பி, கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, மாலுமி மாதிரித் தோற்றம். அது கதைக்குப் போதவில்லை. சீமான் வேண்டும், டாக்டர் வேண்டும், கடைசியில் அரண்மனையே வேண்டும் என்று போய்விட்டார்கள். பெயர்கூட அவனுடையது என்று சொல்ல முடியாது. ‘ஜாக் தி ரிப்பர்’ என்று கையெழுத்திட்ட கடிதம் போனது ஒரு செய்தி நிறுவனத்துக்கு. யாரோ பத்திரிகைக்காரர் எழுதியது என்றே போலீஸ் உயர் அதிகாரிகள் பிற்பாடு சொன்னார்கள்.

வழக்கு கதையைப் பாதித்தது என்று எதிரணி சொல்கிறது. நான் அதற்கும் முந்திய இடத்துக்குப் போகிறேன். கதைதான் முதலில் வழக்கைப் பாதித்தது. அந்த ஆகஸ்ட் மாதம் லண்டன் லைசியம் அரங்கில் ஒரு நாடகம் ஓடியது. பகலில் கண்ணியமான டாக்டர், இரவில் மிருகம்: ஜெக்கில், ஹைட் கதை. அதில் அந்த இரட்டை வேடம் கட்டிய நடிகர்மேலேயே சந்தேகம் என்று ஒருவர் போலீசுக்குக் கடிதம் போட்டார். கொலைகாரன் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று ஊர் மனசில் ஒரு அச்சு விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் கண்ணெதிரே கிடந்த உண்மையை யார் பார்ப்பார்கள்?

அந்த உண்மையின் விலை நாலு பென்னி. அன்றைக்கு ஒயிட்சேப்பல் சத்திரத்தில் ஒரு ராத்திரிப் படுக்கைக்கு வாடகை அவ்வளவுதான். மேரி ஆன் நிக்கல்ஸிடம் அது இல்லை. நடுச்சாமம் தாண்டி வெளியே அனுப்பினார்கள். விடியற்காலை மூன்றே முக்காலுக்குள் தெருவில் பிணமாகக் கிடந்தார். அடுத்த வாரம் ஆனி சாப்மன். நுரையீரல் நோய்க்காரி. அவரிடமும் படுக்கைக் காசு இல்லை. என் படுக்கையை வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். பதினேழு பேர் குடியிருந்த ஒரு வீட்டின் பின்கட்டில் காலையில் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். இந்த இரண்டு பேரையும் தெருவில் நிறுத்தியது எது என்று கேட்டால் பதில் தெரியும் ஐயா. ஆனால் கதை ‘அவன் யார்’ என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கச் சொல்லிக் கொடுத்தது.

நண்பர் பனியைக் காட்டினாரே, நானும் இந்தப் பனியில் வளர்ந்தவள். என் அம்மா காப்பிப் பழம் பறித்தவர். கார்த்திகை, மார்கழியில் விடிவதற்கு முன்னே லைன் வீட்டிலிருந்து கிளம்புவார். பனிக்குள்ளே உருவம் அசைந்தால் எங்களுக்குப் பேய் ஞாபகம் வராது. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற பெண்கள் அவர்கள். சாயங்காலம் எடை போடுவார்கள். பழம் குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்த அன்றைக்கு அம்மா எங்களோடு பேசமாட்டார்.

அதனால்தான் நான்காவது பெண் கேத்தரின் எட்டோஸைப் படித்தபோது என்னால் கதையாகப் படிக்க முடியவில்லை. அந்தச் செப்டம்பரில் அவரும் அவர் துணைவரும் கென்ட் பக்கம் ஹாப்ஸ் பறிக்கப் போயிருந்தார்கள். பீரில் போடுகிற பூ அது. நம்ம காப்பி மாதிரி பருவத்து வேலை. கையில் காசில்லாமல் லண்டன் திரும்பினார்கள். துணைவர் காலிலிருந்த பூட்ஸைக் கழற்றிக் கொடுக்க, அதை அடகு வைத்து டீத்தூளும் சர்க்கரையும் வாங்கினார்கள். செப்டம்பர் 29 ராத்திரி, குடித்திருந்தார் என்று கேத்தரினைப் போலீஸ் நிலையத்தில் வைத்தார்கள். ஒரு மணி வாக்கில் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். முக்கால் மணி நேரத்தில் அவர் உயிரோடு இல்லை. நாற்பத்தாறு வயது.

வயதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஐந்து பேரில் நான்கு பேர் நாற்பதைத் தாண்டியவர்கள். கதையில் இவர்கள் என்ன ஆனார்கள்? 1913-ல் மேரி பெல்லாக் லவுண்டஸ் எழுதிய ‘தி லாட்ஜர்’ நாவலை நான் மதிக்கிறேன். வீட்டு மாடிக்குக் குடிவந்தவன்மேல் சந்தேகம் வருகிறது. ஆனால் அவன் கொடுக்கிற வாடகையில்தான் அந்த வீட்டுக்காரம்மாவின் அடுப்பு எரிகிறது. வறுமை எப்படி வாயைக் கட்டும் என்று அந்தப் பெண் எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தது. அதையே ஹிட்ச்காக் 1927-ல் படமாக எடுத்தார். படத்தில் சாகிறவர்கள் பொன்னிறக் கூந்தல் இளம்பெண்கள்! நோயும் பசியுமாக, நாற்பத்தேழு வயதில் படுக்கைக்குக் காசு தேடிப் போன ஆனி சாப்மன் அதில் எங்கே?

நம் சேலத்தையும் எதிரணி சாட்சிக்கு அழைத்தது. மலையேறி வரும்போது பார்த்தோமே, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. அங்கே 1950-லேயே நம்பியார் நடிக்க ‘திகம்பர சாமியார்’ எடுத்தார்கள், துப்பறியும் கதையை ரசிப்பது நம் மண்ணுக்குப் புதிதா என்று கேட்டார்கள். புதிதில்லை. நானும் ரசிக்கிறவள்தான். ஆனால் அந்த மாதிரிக் கதையில் முடிச்சு அவிழும், செய்தவன் மாட்டுவான், பாதிக்கப்பட்டவர் பக்கம் நின்று நாம் பெருமூச்சு விட்டு எழுந்து வருவோம். ஒயிட்சேப்பல் கதையில் முடிச்சு அவிழவே கூடாது. அவிழ்ந்தால் வியாபாரம் போச்சு. ஒவ்வொரு தலைமுறையிலும் அவன் புதுத் தொப்பியோடு எழுந்து வருவான். அந்தப் பெண்கள் முதல் பத்து நிமிடத்தில் மறுபடியும் சாவார்கள்.

இந்த ஐவரும் பாலியல் தொழிலாளிகள் என்ற ஒரே வரியில் அவர்கள் வாழ்க்கையை முடித்துவிடுவது வழக்கம். அப்படி இருந்தாலும் உயிர் உயிர்தான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சில்லை. ஆனால் ஐவரில் மூவர் விஷயத்தில் அதற்கு ஆதாரமே இல்லை என்று வரலாற்றாய்வாளர் ஹாலி ரூபன்ஹோல்ட் 2019-ல்தான் எழுதினார். நூற்று முப்பத்தொரு வருஷம் கழித்து. அதுவும் ஆவணங்களைப் புரட்டிய வரலாற்றுப் புத்தகம், நாவல் இல்லை.

நடுவர் மணியடித்துவிட்டார், ஒரு நிமிடம் ஐயா. கேத்தரின் எட்டோஸ் உடலில் இருந்த பொருள்களைப் போலீஸ் பட்டியல் எழுதியது. டீத்தூள் ஒரு தகர டப்பா, சர்க்கரை ஒரு டப்பா. ஆறு துண்டு சோப்பு. உடைந்த மூக்குக்கண்ணாடியில் பாதி. ஒற்றைக் கையுறை, சிவப்பு நிறம். அடகு ரசீதுகள் இருந்த செய்தியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் அவர் துணைவர் போலீசிடம் ஓடினார். அடகில் கிடந்தது அவருடைய பூட்ஸ். கதை எழுத வேண்டுமென்றால் அங்கிருந்து எழுதியிருக்கலாம் ஐயா.