பழத்தோடு வழக்கில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாம்பழத்தைக் குறை சொல்லிவிட்டு ஊருக்குள் நடமாட முடியாது. எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பழத்தோடு வழக்கில்லை. பெங்களூரா மாம்பழம் கூழாகி, சர்க்கரை சேர்ந்து, பாட்டிலில் அடைபட்டு வருகிறதே, அந்தப் பானத்தோடுதான் வழக்கு.

“நான் குடிப்பதே இல்லையே டாக்டர், எனக்கு எப்படிக் கல்லீரலில் கொழுப்பு?” என்று ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து கேட்கிறார்கள். மது ஒன்றுதான் காரணம் என்று யார் சொன்னது? வெள்ளைச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பின் எல்லா உறுப்புகளும் செலவழிக்கும். ஃபிரக்டோஸைப் பெரும்பாலும் சிறுகுடலும் கல்லீரலும்தான் சமாளிக்க வேண்டும். கொஞ்சமாக வந்தால் பெரும்பகுதியைச் சிறுகுடலே முடித்துவிடும். ஒரு பாட்டிலை ஒரே மூச்சில் இறக்கினால் மிச்சம் பெரும்பாலும் கல்லீரலுக்குப் போய், அதில் ஒரு பகுதி அங்கே கொழுப்பாக மாறுகிறது. பாலக்கோட்டுப் பக்கம் வெல்லம் காய்ச்சுபவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கல்லீரலுக்கு வெல்லமும் சர்க்கரைதான்.

பெருங்குடல் கதை வேறு. அங்கே வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு நார்ச்சத்து. அதைப் புளிக்கவைத்து அவை தரும் பியூட்டிரேட் என்ற அமிலத்தில்தான் குடல் சுவரின் செல்கள் பிழைக்கின்றன. நார் கிடைக்காதபோது சில பாக்டீரியாக்கள் குடலின் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். சுவர் பலவீனப்பட்டால் பாக்டீரியாவின் நச்சுத் துணுக்குகள் இரத்தத்தில் கசியும். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து வருவதால், முதல் அடி அதற்குத்தான்.

நாருக்கு நாம் வெளியூர் போக வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. தருமபுரியில் களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்ட வீட்டில், இன்று அதே மாவைச் சலித்து, சர்க்கரை கொட்டி, ‘மால்ட்’ என்று குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். என்ன சத்தோ!

சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிக்கு 13 கிராம் என்றிருந்தால், 600 மில்லி பாட்டிலில் 78 கிராம்.

கல்லீரல் பெரும்பாலும் கடைசிவரை வலிக்காது. சர்க்கரை நோயோ தொப்பையோ இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். கொழுப்பு மட்டும் படிந்திருக்கும் கட்டத்தில், எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே அது கரையத் தொடங்கும்.

வணக்கம்.