தீக்குக் கணக்கு வைக்கும் பால்கா

(காட்சி: கருகிய காடு. தரையெல்லாம் சாம்பல்.)

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தை ஒட்டிய டார்லிங் மலைத்தொடர். காட்டுத்தீ அடங்கிச் சில வாரம்தான் ஆகிறது. எங்கும் கரி. அந்தக் கறுத்த கட்டையின் தலையில் மட்டும் பச்சை எட்டிப் பார்க்கிறதா? அதுதான் பால்கா. இந்த மண்ணின் நூங்கார் மக்கள் வைத்த பெயர். தாவரவியலில் சாந்தோரியா பிரைசி.

(அருகில்: தண்டின் மேற்புறம்.)

புல்மரம் என்கிறோம். உண்மையில் இது புல்லும் இல்லை, வழக்கமான மரமும் இல்லை. அறுத்தால் ஆண்டு வளையம் தெரியாது. மட்டை கழிக்காத பனையைப் போல, காய்ந்த இலைகளின் அடிப்பகுதி அடுக்கடுக்காக நிற்கும். இடுக்கெல்லாம் பிசின் இறுகியிருக்கும். தீ இந்தக் கவசத்தைத்தான் கருக்கும். குருத்து உள்ளே பத்திரமாக இருக்கும்.

வளர்ச்சியோ மகா மந்தம்: ஆண்டுக்கு 1 அல்லது 2 சென்டிமீட்டர். ஆளுயரத் தண்டு என்றால் நூறு வயதை நெருங்கியிருக்கும், தாண்டியும் இருக்கலாம். ஆனால் தீ பட்ட பிறகு பூக்கும் வேகமே தனி. ஈட்டி மாதிரி 2 மீட்டருக்கும் மேல் ஒரு பூந்தண்டு. அதில் வெளிர்நிறக் குறும்பூக்கள். தேனுக்குப் பறவையும் வண்டும் மொய்க்கும்.

(காட்சி: கரியைச் சுரண்டுகிறார்கள். அடியில் நிறப்பட்டைகள்.)

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வெளிர்மஞ்சளும் பழுப்பும் மாறி மாறி வரும்; ஒரு ஜோடி என்றால் ஓராண்டு. நடுவே கறுப்புப் பட்டை வந்தால் அந்த ஆண்டு தீ. இப்படித்தான் பழைய காட்டுத்தீக்களைக் கணக்கிட்டார்கள். இதை ஒப்புக்கொள்ளாத ஆய்வாளர்களும் உண்டு, அது வேறு கதை.

நூங்கார் மக்கள் இதன் பிசினைச் சூடாக்கி, கரித்தூளும் கங்காரு சாணமும் கலந்து, கோடாரிக் கல்லைப் பிடியோடு ஒட்டினார்கள். பூந்தண்டை நீரில் ஊறவைத்தால் இனிப்புப் பானம்.

கடலோர மணல்வெளியின் பேங்க்சியா காடு, மலையில் செம்பூராங்கல் சரளை நிறைந்த ஜாரா காடு: இரண்டிலும் பால்கா உண்டு. பல ஆண்டு தீ படாத மரத்தில் காய்ந்த இலைகள் பாவாடைபோலத் தொங்கும். அதற்குள் மார்டோ என்ற சிறு பைப்பாலூட்டி கூடு கட்டும்.

சரி, தீக்கு அஞ்சாத இதை எது சாய்க்கிறது? பைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய்க்கிருமி. காலணியிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டும் ஈரமண்ணில் ஏறி அது ஊர்விட்டு ஊர் போகிறது.

(காட்சி: காட்டுப் பாதையின் வாசல். ஒருவர் நின்று, காலணியின் அடியைத் தூரிகையால் தேய்க்கிறார்.)