இமானுவேல் ரிவா: இரண்டு படங்களுக்கு நடுவே

நேயர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு நடிகை இமானுவேல் ரிவா என்றதும் எல்லாரும் இரண்டு படங்களைச் சொல்வார்கள். 1959-இல் வந்த ‘ஹிரோஷிமா மோன் அமூர்’, 2012-இல் வந்த ‘அமூர்’. நடுவில் 53 ஆண்டுகள். அத்தனை காலமும் அவர் காணாமல் போயிருந்ததாக எழுதுகிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

கிழக்குப் பிரான்சின் வோஜ் பகுதியில் 1927-இல் பிறந்தவர். தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், நடிப்பு ஆசையில் 26 வயதில் பாரிஸுக்கு வந்தார். ‘ஹிரோஷிமா மோன் அமூர்’ படத்தின் இயக்குநர் அலென் ரெனே அவரைப் படப்பிடிப்புக்காக ஹிரோஷிமாவுக்கு அழைத்துப் போனார். படப்பிடிப்பு இல்லாத நேரத்தில் ரிவா கேமராவும் கையுமாக அந்த ஊர்த் தெருக்களில் நடந்து, அங்கிருந்த பிள்ளைகளைப் படம் எடுத்தார். அரை நூற்றாண்டு கழித்து அந்தப் படங்கள் புத்தகமாகவே வந்தன.

புகழ் வந்த கையோடு பணம் கொழிக்கும் படங்களும் தேடி வந்தன. பலவற்றை மறுத்துவிட்டு மேடை நாடகத்தில் நின்றார். ஆனாலும் 1962-இல் ‘தெரேஸ் தெக்கேரூ’ படத்துக்காக வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கினார். 1993-இல் போலந்து இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியின் ‘நீலம்’ படத்தில் நடிகை ஜூலியட் பினோஷுக்கு அம்மா. பார்க்க வந்த மகளைத் தன் தங்கை என்றே நினைத்துப் பேசுகிற அம்மா. வந்து போவது கொஞ்ச நேரம்தான், மறக்க முடியவில்லை.

‘அமூர்’ படத்தில் அந்தச் சமையலறைக் காட்சியைக் கவனியுங்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் கணவர் பேசிக்கொண்டே இருக்கிறார். எதிரே ரிவாவின் கண் திறந்திருக்கிறது, ஆள் அங்கே இல்லை. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தும் அசைவில்லை. சற்று நேரத்தில் தானாகத் தெளிகிறார். நடந்தது எதுவும் தெரியவில்லை. தேநீர் ஊற்றப் போகிறார், அது கோப்பைக்கு வெளியே விழுகிறது. அழுகை, அலறல் ஒன்றும் கிடையாது. நோய் வந்துவிட்டது என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. எத்தனையோ ஆண்டு மேடையில் நின்று பழகிய உடம்புக்குத்தான் இந்த அடக்கம் கைவரும்.

அந்த நடிப்புக்கு பிரிட்டனின் பாஃப்டா விருதும் பிரான்சின் செசார் விருதும் கிடைத்தன. 85 வயதில் ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. விழா நடந்த 2013 பிப்ரவரி 24 அவருடைய 86-ஆவது பிறந்தநாள். ஆஸ்கர் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே பாரிஸில் மறுபடி மேடை ஏறினார். நாடகம் ‘சவானா பே’; எழுதியவர் மார்கரித் துராஸ், ஹிரோஷிமா படத்துக்குத் திரைக்கதை எழுதிய அதே துராஸ். 2017 ஜனவரியில், தம் 89-ஆவது வயதில் ரிவா காலமானார்.