பாட வேண்டாம், பேசு

(திரைப்படச் சங்கக் கூட்டமொன்றில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

2019-இல் வந்த 'ஜோக்கர்' படத்தை இங்கே அநேகமாக எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். 2024 அக்டோபரில் வந்த இரண்டாம் பாகம், 'ஜோக்கர்: ஃபோலி அ து'வை எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று சற்று முன்பு கேட்டேன். ஆறேழு கைகள்தான் உயர்ந்தன. அதிலும் இரண்டு பேர் பாதியில் எழுந்து வந்தவர்கள்.

உலகம் முழுக்க நடந்ததும் ஏறக்குறைய இதுதான். முதல் படம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது, இரண்டு ஆஸ்கர் வாங்கியது, 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இரண்டாவது படத்துக்கு அதைவிடச் சுமார் மூன்று மடங்கு செலவு. வசூல் 20 கோடி டாலரைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. அமெரிக்காவில் முதல் காட்சிகளைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் என்ற அமைப்பு உண்டு. அதில் இந்தப் படத்துக்குக் கிடைத்தது 'டி'. அதற்கு முன் எந்தக் காமிக்ஸ் படமும் அவ்வளவு கீழே போனதில்லை.

"நல்ல படத்தில் பாட்டை வைத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாட்டோடு சினிமா பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். பாட்டு இருப்பது நமக்கு ஒரு குறையே இல்லை. பேட்மேன் காமிக்ஸின் வில்லன் ஜோக்கராக மாறும் ஆர்தர் ஃப்ளெக், அதாவது இந்தப் படங்களின் நாயகன், பாடுவான் என்பதை நான் முழு மனதோடு நம்பினேன். ஏனென்றால் முதல் படத்தில் அவன் ஆடியதைப் பார்த்திருந்தேன்.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ரயிலில் தன்னிடம் வம்பு செய்த மூன்று பேரைச் சுட்டுவிட்டு ஓடி வருகிறான். அழுக்கடைந்த பொதுக் கழிப்பறை ஒன்றில் நுழைந்து கதவைச் சாத்துகிறான். மூச்சு வாங்குகிறது. செல்லோ மெல்ல முனகத் தொடங்குகிறது. முதலில் ஒரு கால் மட்டும் தரையைத் தடவியபடி நகர்கிறது. அப்புறம் தோள், அப்புறம் கை. கடைசியில் கண்ணாடிக்கு எதிரே இரண்டு கைகளையும் விரித்து நிற்கிறான். அங்கே வசனம் ஒன்றுகூடக் கிடையாது. திரைக்கதையில் அந்த ஆட்டமே இல்லை என்று படம் எடுத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இசையமைப்பாளர் ஹில்டுர் குட்நாடோட்டிர் படப்பிடிப்புக்கு முன்பே திரைக்கதையைப் படித்து இசை எழுதி அனுப்பியிருந்தார். இயக்குநர் டாட் பிலிப்ஸ் அதை அங்கேயே ஓடவிட்டார், ஆர்தராக நடித்த வாக்கின் ஃபீனிக்ஸ் ஆடத் தொடங்கினார். உள்ளே ஓடி வந்த ஆள் வேறு, வெளியே போன ஆள் வேறு. அந்த மாற்றத்தை இசைதான் செய்தது.

இரண்டாம் பாகத்தில் அந்த வேலையைச் செய்யும் பாட்டு எது என்று தேடித் தேடிப் பார்த்தேன். ஒன்று கிடைத்தது. ஆர்க்கம் மனநலச் சிறையில் லீ என்ற பெண்ணைச் சந்தித்த பிறகு, கைதிகள் கூடும் தொலைக்காட்சி அறையில் ஆர்தர் 'ஃபார் ஒன்ஸ் இன் மை லைஃப்' பாடுகிறான். பழைய பாட்டு. வாழ்க்கையில் ஒரு தடவையாவது என்னை ஒருத்தி வேண்டும் என்கிறாள் என்ற மகிழ்ச்சி. இந்தப் படத்தில் நடிகர்கள் படப்பிடிப்பிலேயே நேரடியாகப் பாடினார்கள், பியானோ துணையோடு. அதனால் ஃபீனிக்ஸின் குரலில் கரகரப்பும் உடைசலும் அப்படியே இருக்கின்றன. அந்த உடைந்த குரல்தான் ஆர்தர். எனக்குக் கண் கலங்கியது, உண்மையாகச் சொல்கிறேன்.

சரி, அதன் பிறகு? அடுத்த பாட்டும் அதையே சொல்கிறது, அதற்கடுத்ததும் அதையே சொல்கிறது. முதல் படத்தில் செய்த கொலைகளுக்காக ஆர்தர் மீது வழக்கு. அந்த நீதிமன்றக் காட்சி நடந்துகொண்டிருக்கும், விளக்கு மாறும், இருவரும் மேடையில் பாடுவார்கள், விளக்கு திரும்பும், கதை விட்ட இடத்திலேயே நிற்கும். பாட்டை வெட்டி எடுத்தாலும் கதையில் ஒரு நூல்கூட அறுபடாது. 138 நிமிடப் படத்தில் இதையே திரும்பத் திரும்பச் செய்தால் எவ்வளவு பொறுமைசாலியும் சோர்ந்துதான் போவான்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் லீயைப் பற்றியது. காமிக்ஸ் வாசகர்களுக்கு ஹார்லி க்வின் என்று தெரிந்தவள் இவள். 1992-இல் பேட்மேன் கார்ட்டூன் தொடருக்காக உருவாக்கப்பட்டு, ரசிகர்கள் விரும்பியதால் காமிக்ஸுக்குள் வந்தவள். இங்கே அந்த வேடத்தில் லேடி காகா. அப்படிப்பட்ட பாடகியை வைத்துக்கொண்டு, அவர் பாடுவதில் பெரும்பகுதியை ஆர்தரின் கற்பனைக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள். அவன் காணும் கனவில் அவள் பாடுகிறாள். அவளுடைய கனவு என்ன? தன் குடும்பம், தன் பிறப்பு எல்லாவற்றையும் பற்றி ஏன் பொய் சொன்னாள்? பிரெஞ்சு மனநல மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வைத்த பெயர் 'ஃபோலி அ து'. ஒரே மனமயக்கம் இரண்டு பேரைப் பிடித்துக்கொள்வது. தலைப்பு இரண்டு பேரைச் சொல்கிறது, படத்திலோ ஒருவன்தான் இருக்கிறான்.

இவ்வளவு சொன்ன நான் இந்தப் படத்துக்காக வாதாடவும் வேண்டும். அதில் ஒரு பெரிய காட்சி இருக்கிறது.

கேரி என்ற குள்ளமான மனிதரை முதல் படத்தில் பார்த்திருப்பீர்கள். ஆர்தரோடு கோமாளி வேலை பார்த்தவர். கண் முன்னால் ஒரு கொலை நடந்த பிறகு, கதவின் மேல் சங்கிலி எட்டாமல் கொலைகாரனிடமே திறந்துவிடச் சொல்லி நின்றாரே, அவர்தான். இரண்டாம் படத்தில் அவர் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறார். வக்கீலை விலக்கிவிட்டு, கோமாளி வேடத்தோடு ஆர்தரே குறுக்கு விசாரணை செய்கிறான். ஏதோ ஒரு தென் மாநில வக்கீலின் இழுவைக் குரலை வரவழைத்துக்கொண்டு கேலி பேசுகிறான். கேரி நடுங்கிக்கொண்டே சொல்கிறார்: வேலையிடத்தில் என்னைக் கிண்டல் செய்யாதவன் நீ ஒருவன்தான். ஆர்தரின் முகத்தில் அரிதாரத்துக்குக் கீழே ஏதோ ஒன்று சரிகிறது. லே கில் என்ற அந்த நடிகர் சில நிமிடங்களில் படத்தையே தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். அங்கே பாட்டு கிடையாது.

அதன் பிறகு சிறைக் காவலர்கள் ஆர்தரை வதைக்கிறார்கள், அவனை நேசித்த இளம் கைதி ஒருவனைக் கொல்கிறார்கள். மறுநாள் ஆர்தர் நீதிமன்றத்தில் சொல்கிறான்: ஜோக்கர் என்று யாருமில்லை, நான்தான் கொன்றேன், ஆறு பேரை. ஜோக்கரை முகமூடியாக மாட்டிக்கொண்டவர்களுக்கு அது ஏமாற்றம்தான். லீ எழுந்து போய்விடுகிறாள், அரங்கில் எத்தனையோ ரசிகர்களும் அவளோடு போய்விட்டார்கள். நூறு கோடி டாலர் தந்த கூட்டத்திடம் 'நீங்கள் கொண்டாடியது ஒரு நோயாளியை' என்று சொல்லத் துணிந்த இயக்குநரை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த இடம் வருவதற்குள் பாட்டுகள் நம்மைக் களைப்பாக்கிவிட்டன.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், ஷேக்ஸ்பியர் அவென்யூவையும் ஆண்டர்சன் அவென்யூவையும் இணைக்கும் நீளமான படிக்கட்டு ஒன்று உண்டு. முதல் படத்தில் ஆர்தர் ஆடி இறங்கியது அங்கேதான். படம் வந்த பிறகு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அதே படியில் ஆடிப் படம் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் படத்தின் முடிவுக்கு அருகில், நீதிமன்றத்திலிருந்து தப்பி ஓடி வரும் ஆர்தர் அதே படிக்கட்டில் லீயைப் பார்க்கிறான். அவள் பாடத் தொடங்குகிறாள். பாடாதே, எனக்குப் பாட வேண்டாம், என்னோடு பேசு என்று அவன் கெஞ்சுகிறான். அவள் நிறுத்தவில்லை.

விளக்கை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கழிப்பறைக் காட்சியையும் கேரியின் சாட்சியத்தையும் அடுத்தடுத்துப் போடுகிறோம். பாருங்கள், அப்புறம் நீங்கள் பேசுங்கள்.