ஆவுளியாவுக்கு ஏது கொம்பு?

(மண்டபத்தில் மாணவர்களும் மீனவர்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். நாற்காலி கிடைக்காமல் வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்னொரு வணக்கம்.

போன வாரம் என் அக்காள் மகன் கைப்பேசியை நீட்டி, "மாமா, இது நம் ஆவுளியாதானே?" என்று கேட்டான். போக்கிமான் விளையாட்டில் வரும் டியூகாங் என்ற பிராணி. நம் ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, ஆங்கிலத்தில் டூகாங் என்பார்கள். பெயரை வைத்துப் பார்த்தால் அவன் கேட்டது நியாயம்தான். 1996இல் ஜப்பானில் வந்த முதல் போக்கிமானிலேயே அது உண்டு. அங்கே அதன் பெயர் ஜூகோன். நிஜ ஆவுளியாவையும் அவர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

ஆனால் உருவத்தைப் பாருங்கள். நெற்றியில் கொம்பு, உடம்பெல்லாம் வெள்ளை ரோமம். உறையும் நீரிலும் சளைக்காமல் நீந்துமாம். பாக் நீரிணையில் ஆவுளியாவைக் கண்ணால் கண்டவர்கள் இங்கே இருப்பீர்கள். ஆவுளியாவுக்கு ஏது கொம்பு? வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலில் கடற்புல் மேய்கிற சாது அது. அதன் வாய் கீழ்நோக்கி வளைந்திருப்பதே தரையோடு தரையாக மேய்வதற்குத்தான். பனிக்கட்டிக்கு நடுவே அது எதைத் தின்னும்? வால் மட்டும் ஏதோ ஒத்துப்போகிறது. மற்றபடி அது கடல்நாய். பெயரை மட்டும் ஆவுளியாவிடம் கடன் வாங்கியிருக்கிறது.

அவன் முகம் வாடிவிட்டது. அதனால் 2016இல் வந்த 'சன்', 'மூன்' என்ற போக்கிமான் விளையாட்டுகளின் பியூகுமுகு என்ற பிராணியைக் காட்டச் சொன்னேன். கறுப்பாக, உருண்டையாக, இளஞ்சிவப்பு முட்களோடு ஒரு தலையணை மாதிரி கிடந்தது. முகத்தைப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. செய்கையைப் பார்க்க வேண்டும். கரையோரத்தில் அசையாமல் கிடக்கும். மிதித்தால் கை முஷ்டி போன்ற தன் குடலையே வெளியே வீசி அடிக்கும்.

இதைக் கேட்டதும் முன்வரிசை அண்ணன் ஒருவர் சிரிக்கிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது. கடல் அட்டை! கடலடியில் கிடக்கும், வெள்ளரிக்காய் வடிவப் பிராணி. சின்ன வயதில் வலையில் வந்த ஒன்றை எடுத்து அழுத்தியிருக்கிறேன். பின்பக்கத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் பீறிட்டு விரல்களில் ஒட்டிக்கொண்டது. மணலைப் போட்டுத் தேய்த்தும் சாயங்காலம் வரை பிசுபிசுப்பு போகவில்லை. நம்மவர்கள் அதை நூலட்டை என்கிறார்கள். முகத்தைப் பார்த்து வைத்த பெயரா அது? அதன் செய்கையைப் பார்த்து வைத்த பெயர். ஜப்பானியர்களும் இதற்கு நமகோபுஷி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நமகோ என்றால் கடல் அட்டை, கொபுஷி என்றால் முஷ்டி. நூலை முஷ்டியாக்கியது விளையாட்டுக்காரர்களின் கைவரிசை, அதை மன்னித்துவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்துச் செய்தித்தாளில் கடல் அட்டை என்ற சொல்லைப் பார்த்தால், அடுத்த சொல் பெரும்பாலும் 'பறிமுதல்' என்றுதான் இருக்கும். 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்குப் புலிக்குச் சமமான இடம் கொடுத்தார்கள்; பிடித்தாலும் வைத்திருந்தாலும் வழக்குதான். அந்த விளையாட்டிலோ ஹானோ என்ற கடற்கரையில் ஒரு வேலை தருகிறார்கள். மணலில் கிடக்கும் பியூகுமுகுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடலுக்குள் எறிய வேண்டும். முடித்தால் கையில் கூலி. இதைச் சொன்னதும் என் மருமகன் கேட்டான், "மாமா, இங்கே திரும்பப் போட்டால் கூலி யார் தருவார்கள்?"