இடது இறக்கையில் மட்டும் ஏன் சில்லு? ஒரு ஸ்பிட்ஃபயரும் கேமராவும்

வணக்கம் நண்பர்களே. மேசைமேல் இருப்பது 1/48 அளவு ஸ்பிட்ஃபயர், அதாவது இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானத்தை 48-ல் ஒரு பங்காகச் சுருக்கிய மாடல். பெயின்ட் முடிந்தது, டெகால் என்னும் ஒட்டுச் சின்னங்களும் ஒட்டியாயிற்று, பளபளப்பு வார்னிஷும் காய்ந்துவிட்டது. இப்போதைக்கு இது தொழிற்சாலையிலிருந்து வந்த புது விமானம். இதைப் போர்க்களத்தில் உழைத்த விமானமாக மாற்ற வேண்டும், படமும் எடுக்க வேண்டும். வெதரிங், அதாவது தேய்மானமும் கறையும் வரையும் வேலை, எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் கேமராவைத் தேடுவதுதான் பலருடைய வழக்கம். நான் வேலை தொடங்கும்போதே கேமராவை முக்காலியில் மாட்டிவிடுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பெயின்ட் உரிந்த இடத்தைத்தான் சில்லு என்கிறோம்; இந்த அளவில் 1 மில்லிமீட்டர் சில்லு என்றால், நிஜ விமானத்தில் அது ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். 1/72 அளவில் 7 சென்டிமீட்டரையும் தாண்டிவிடும். தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோட்டுக்கும் இதே கணக்குத்தான். 1/72 மாடலில் 0.2 மில்லிமீட்டர் கோடு, நிஜத்தில் விரல் நுழைகிற இடைவெளி. அதில் கன்னங்கரேலென்று வாஷ் (நன்றாக நீர்த்த பெயின்ட்) விட்டால் விமானம் பறக்கும் முன்பே கழன்று விழும்போல் தெரியும். அடிப்படைப் பெயின்டைவிட இரண்டு படி இருண்ட நிறம் போதும்.

சில இடங்களில் அதுவும் வேண்டாம். பி-51 மஸ்டாங் என்ற அமெரிக்கப் போர் விமானத்தின் இறக்கை முன்பகுதியில், தகட்டு இணைப்புகளையும் ரிவெட்டுகளையும் தொழிற்சாலையிலேயே புட்டி வைத்து அடைத்துத் தேய்த்து, மேலே வெள்ளி பெயின்ட் அடித்தார்கள். காற்று தடங்கலின்றி வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அந்த இறக்கையில் போய் ஒவ்வொரு கோட்டையும் கறுப்பாக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அழித்துவிடக் கை பரபரக்கிறது.

இனி ஸ்பிட்ஃபயருக்கு வருவோம். விமானி ஏறும் சிறிய கதவு இடது பக்கம்தான் இருக்கிறது. ஆகவே, பூட்ஸ் காலின் தேய்மானம் இடது இறக்கையின் அடிப்பாகத்தில் குவிந்திருக்கும். வலது பக்கமும் தரைப் பணியாளர்கள் ஏறுவார்கள்தான், ஆனால் தேய்மானம் அங்கே குறைவு. கண்ணாடியில் பார்த்ததுபோல் இரண்டு பக்கமும் ஒரே அளவு சில்லு வைத்தால், அந்த விமானத்தில் யாருமே ஏறி இறங்கவில்லை என்றுதான் பொருள்.

இதோ, கிட்டே காட்டுகிறேன். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் நகக்கண் அளவு கிள்ளி இடுக்கியில் பிடித்திருக்கிறேன். பெயின்டில் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி, ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்கிற நிலைக்கு வந்தபிறகுதான் இறக்கையில் தொடுகிறேன். முதலில் வெளிறிய பச்சை, அதாவது மேல்பூச்சு மட்டும் உரசிய இடம். அதன் நடுவில் மட்டும், மிகக் கொஞ்சமாக, அலுமினிய நிறம். கதவை ஒட்டியும், என்ஜின் மூடியைக் கழற்றும் திருகுகளைச் சுற்றியும் இன்னும் சில புள்ளிகள். மனிதக் கை படாத இடத்தில் நான் கை வைப்பதில்லை.

அடுத்தது புகைக்கறை. ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்த என்ஜின் இது. நீண்ட தூரம் சிக்கனமான கலவையில் பறந்தால் படிவது வெளிர் சாம்பல் கலந்த பழுப்பு. பெட்ரோல் மிகுந்த கலவையில் எரிந்தால் கரி. அதனால் ஏர்பிரஷ்ஷில் நன்றாக நீர்த்த கரும்பழுப்பை முதலில் அகலமாக விட்டு, அதன் நடுவில் வெளிர் சாம்பலை மெல்லிய நாக்குபோல் இழுக்கிறேன். காற்று எப்படிப் போகுமோ அப்படித்தான் கறையும் போகும்: புகைக்குழாயிலிருந்து பின்னோக்கி, இறக்கை உடலோடு சேரும் இடத்தின் மேலாக.

துப்பாக்கித் துளைகளுக்கு மேல் சிவப்புத் துணிப் பட்டை இருக்கிறதல்லவா? சுடும்போது அது கிழிந்துபோகும். பட்டை முழுசாக இருக்க, பின்னால் புதுக் கரும்புகை படர்ந்திருந்தால் கதை ஒட்டாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

சரி, இப்போது கேமரா. நிற்கும் மனிதனின் கண் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 1/48 அளவில் அது 33 மில்லிமீட்டர். லென்ஸின் நடுப்புள்ளி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து எடுத்தால் மேசைமேல் இருக்கும் பொம்மை. இந்த உயரத்துக்கு இறங்கினால், ஓடுபாதையில் நிற்கும் விமானம். பெரிய கேமராவை இவ்வளவு கீழே இறக்க முடியாவிட்டால் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடியுங்கள், லென்ஸ் தரையோடு ஒட்டிவிடும்.

சூரியன் ஒன்றுதான், ஆகவே முக்கிய விளக்கும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் விளக்கு வைத்தால் சக்கரத்துக்கு இரண்டு நிழல் விழும், அத்தோடு மாயம் கலைந்தது. விளக்கைத் தள்ளி வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் போதும். ஒளியுணர்திறன் (ஐஎஸ்ஓ) 100, லென்ஸ் துவாரம் எஃப் 16 என்ற சிறிய அளவு, இரண்டு விநாடி டைமர். முன்விசிறி தெளிவாக இருந்து வால் மங்கினால் பார்ப்பவருக்குப் பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். துவாரத்தை மேலும் சுருக்கினால் படம் முழுவதுமே சற்று மழுங்கும். அதற்குப் பதில் ஃபோகஸை மூக்கிலிருந்து வால்வரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக்குகிறேன்.

இதோ முதல் படம். கதவுக்குக் கீழே அந்த ஒரு வெள்ளிச் சில்லு மட்டும் கண்ணைப் பறிக்கிறது, பார்த்தீர்களா? கையில் பிடித்துப் பார்த்தபோது அது தெரியவே இல்லை. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுகிறேன், இன்னும் மோசமாகத் தெரிகிறது. போர்க்காலப் புகைப்படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைதான். அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது மிகை என்று சொல்ல வேறு ஆள் வேண்டாம். அந்தச் சில்லின்மேல் பழுப்பு எண்ணெய் வண்ணத்தை ஊசிமுனை அளவு வைத்து, தின்னர் தொட்ட தூரிகையால் கீழ்நோக்கித் தடவுகிறேன். கீழே பளபளப்பு வார்னிஷ் இருப்பதால் பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம். மாட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் அடித்தபிறகு அந்த வசதி கிடையாது. கேமராவை முதலிலேயே மாட்டியது இதற்காகத்தான்.

வயிற்றுப் பக்கத்தை இன்னும் தொடவில்லை. எண்ணெய் ஒழுக்கு, தோட்டா உறைகள் விழும் துளைகளின் கறை எல்லாம் அங்கேதான். அடுத்த வீடியோவில் விமானத்தைக் கவிழ்த்துப் போட்டுப் பார்ப்போம்.