கெகல் செய்தால் வலி ஏன் கூடுகிறது?

அடுத்த கேள்வி நம் சுங்கை சிப்புட்டிலிருந்தே வந்திருக்கிறது. தங்கைக்கு வயது 29. எண்டோமெட்ரியோசிஸ் என்று மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். காணொளி பார்த்துத் தினமும் கெகல் பயிற்சி செய்தாராம்; அடிவயிற்று உறுப்புகளைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளை இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி அது. இரண்டே வாரத்தில் அடிவயிற்று வலி கூடிவிட்டது. அம்மாவோ, "மாதவிலக்கு நாளில் அசையாமல் படு" என்கிறாராம். யார் பேச்சைக் கேட்பது என்கிறார்.

முதலில் அந்தக் காணொளியை மூடிவிடுங்கள், தங்கை. கெகல் தளர்ந்த தசைக்கு உரியது. இருமினால் சிறுநீர் கசிகிறதே, அவர்களுக்கு. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் நிலை பெரும்பாலும் அதற்கு நேர் எதிர். எண்டோமெட்ரியோசிஸில் கருப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்ந்து அழற்சியை உண்டாக்குகிறது. வலிக்குப் பயந்து பயந்தே இடுப்புத்தளத் தசைகள் வருடக்கணக்கில் இறுகிக் கிடக்கின்றன. ஏற்கெனவே இறுகியதை மேலும் இறுக்கினால் வலிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே உங்களுக்கு முதல் பயிற்சி, விடுவது. மல்லாந்து படுங்கள். முழங்காலுக்கடியில் தலையணை, இல்லாவிட்டால் இரண்டு கைலியைச் சுருட்டி வையுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்குக் கீழே. மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கீழ்க்கைதான் உயர வேண்டும். பலருக்கு மேல்கைதான் எழும். வயிற்றை எக்கியே வாழ்ந்து பழகிவிட்டோமே! மூச்சு உள்ளே வரும்போது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் இறங்குகிறது, இடுப்புத்தளமும் கூடவே இறங்கித் தளர்கிறது. சிறுநீர் கழிக்கத் தொடங்கும் முதல் நொடியில் உள்ளே ஏதோ நெகிழுமே, அந்த உணர்வைத் தேடுங்கள். பல்லைக் கடிக்காதீர்கள். காலையும் இரவும் ஐந்து நிமிடம்.

இது பழகியபின் பாலாசனம், அதாவது முழங்காலிட்டு உட்கார்ந்து குனிந்து நெற்றியைத் தரையில் வைப்பது. பிறகு நடை. பத்து மணிக்கே இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். விடிந்ததும் நடந்துவிடுங்கள், தொடக்கத்தில் 10 நிமிடம். கூடிய வலி மறுநாளும் தங்கினால் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் காண்டா வாளியில் பால் சுமந்தவரா, தெரியவில்லை. அந்தத் தலைமுறைக்கு மாதவிலக்கு நாள்களிலும் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகாவிட்டால் சம்பளம் கிடையாது. மகளாவது படுத்திருக்கட்டும் என்று நினைப்பதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. வலி உச்சத்தில் இருக்கும் நாளில் படுங்கள், சுடுநீர்ப் பை வையுங்கள், மூச்சுப் பயிற்சி மட்டும் போதும். மற்ற நாள்களில் அசையத்தான் வேண்டும்.

பயிற்சி அந்தத் திசுவைக் கரைக்காது. மருத்துவர் தந்த மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை) செய்திருந்தால் அறுவை மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். திடீரெனத் தாங்க முடியாத வலி, காய்ச்சல், மயக்கம் என்றால் உடனே மருத்துவமனை. அரசாங்கக் கிளினிக்கில் இயன்முறை சிகிச்சைக்குக் கடிதம் கேட்கும்போது, 'இடுப்புத்தளத் தசைக்கு' என்றே கேளுங்கள். வெறுமனே இடுப்பு வலி என்றால், முதுகுக்கு நாலு பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடப் போகிறார்கள்.